இன்ஃப்ளுயன்சா வைரஸும் செல்லின் சொந்தப் புரதங்களும்: புதிதாக ஆய்வுக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஆய்வுப் படிப்புக்காக வரும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் எச்ஐவியையோ காசநோயையோ நாடி வருகிறார்கள். இந்நகரத்தின் ஆய்வுக்கூடங்களும் அவற்றுக்கே பெயர் பெற்றவை. இன்ஃப்ளுயன்சா பக்கம் திரும்புபவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர், மதுரையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அச்செடுத்த பட்டியல் ஒன்றை விரித்துவைத்து, "அக்கா, இதில் முந்நூறு புரதம் இருக்கிறது, எல்லாமே வைரஸைப் பாதிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், நான் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையும், அதன்பின் வந்த மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் செப்பமானதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். செல் உயிரியலின் அடிப்படை தெரிந்தவர்களுக்கு இது போதும். வைராலஜி படித்திருக்க வேண்டியதில்லை.

பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரு வெற்றுத் தாளில் வைரஸின் பயணத்தை வரைவதுதான் முதல் படி. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸிடம் இருப்பவை 8 ஆர்என்ஏ துண்டுகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 13,500 எழுத்துகள். இவ்வளவு சிறிய மூலதனத்தை வைத்துக்கொண்டு அது தனக்கு வேண்டிய எல்லா இயந்திரங்களையும் செய்துகொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் செல்லின் புரதம் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் முன்னே நகர்கிறது. தாளின் இடப்பக்கம் செல்லின் வெளிச்சுவரையும், நடுவில் உட்கருவையும், வலப்பக்கம் மீண்டும் வெளிச்சுவரையும் வரைந்துகொள்ளுங்கள். இந்த மூன்று கோடுகளுக்குள் முழுக் கதையும் அடங்கிவிடும். ஆர்என்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை சைட்டோபிளாசத்திலேயே தம் வேலையை முடித்துக்கொள்ளும். இன்ஃப்ளுயன்சாவோ உட்கருவுக்குள் போய்த்தான் பெருகுகிறது. எனவே உட்கருவின் வாசலைப் பெரிதாக வரையுங்கள், அங்கே எழுதவேண்டியது நிறைய இருக்கும்.

இரண்டாவது படி, அந்தப் படத்தில் நிறுத்தம் நிறுத்தமாகச் செல்லின் புரதங்களைக் குறிப்பது. உதவுபவற்றைப் பச்சையிலும், தடுப்பவற்றைச் சிவப்பிலும் எழுதச் சொல்வேன்.

வெளிச்சுவரில் வைரஸ் பற்றிக்கொள்வது புரதத்தை அன்று, புரதங்களின்மேல் தொங்கும் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை. மனிதரின் மேல் சுவாசப்பாதையில் அது பெரும்பாலும் ஆல்ஃபா 2,6 பிணைப்பாகவும், வாத்தின் குடலில் ஆல்ஃபா 2,3 பிணைப்பாகவும் இருப்பதால், மனித வைரஸும் பறவை வைரஸும் வெவ்வேறு பூட்டுக்கு வெட்டிய சாவிகளைப்போல இருக்கின்றன. சர்க்கரை புரதமில்லையே என்று இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்; அந்தச் சர்க்கரையைச் செய்து கோல்கைக்குள் கொண்டுசேர்க்கும் சிஎம்ஏஎஸ், எஸ்எல்சி35ஏ1 ஆகிய புரதங்கள் இல்லையென்றால் வைரஸுக்கு ஒட்ட இடமில்லை.

அதே வெளிச்சுவருக்கு அருகில் இன்னொரு புரதத்தையும் எழுத வேண்டும். வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின், செல்லின் புரோட்டியேஸ் ஒன்று அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டிய பிறகுதான் பின்னால் சவ்வுகளை இணைக்கும் திறனைப் பெறுகிறது. நம் சுவாசப்பாதையில் அந்த வெட்டைச் செய்பவற்றுள் முக்கியமானது டிஎம்பிஆர்எஸ்எஸ்2. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் எச்1என்1, எச்7என்9 வைரஸ்கள் நோயை உண்டாக்கத் திணறின என்று 2013, 2014 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் எச்5, எச்7 வகைகளில் வெட்டுமிடம் வேறு மாதிரி அமைந்திருப்பதால், உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உள்ள ஃபியூரின் என்னும் நொதியே அதை வெட்டிவிடுகிறது. சாதாரண வகை குடலோடும் சுவாசப்பாதையோடும் நின்றுவிட, அந்த வகைகள் பறவையின் உடல் முழுதும் பரவுவதற்குக் காரணம் இந்த ஒரு வெட்டுதான்.

உள்ளே நுழைந்த வைரஸ் எண்டோசோம் என்னும் பைக்குள் கிடக்கும். செல்லின் வி-ஏடிபியேஸ் என்னும் பம்பு அந்தப் பைக்குள் புரோட்டான்களை இறைத்து அமிலமாக்குகிறது. அமிலம் பட்டதும் ஹீமக்ளூட்டினின் வடிவம் மாறிச் சவ்வுகளை இணைக்கிறது. பம்பைப் பச்சையில் எழுதுங்கள். அதே பைச் சவ்வில் சிவப்பில் எழுதவேண்டியது ஐஎஃப்ஐடிஎம்3. சவ்வுகள் ஒன்றோடொன்று இணைந்து வழி திறக்கும் கட்டத்தில் இது குறுக்கே நிற்கிறது. 2009-இல் மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒடுக்கிப் பார்த்த ஒரு பெரிய சோதனையில், இதை ஒடுக்கியபோது தொற்று குறைவதற்குப் பதிலாகக் கூடியதால் இது கண்ணில் பட்டது. உதவும் புரதங்களைத் தேடப் போனவர்களுக்குக் காவல்காரர் அகப்பட்டார்.

சவ்வைத் தாண்டிய ஆர்என்ஏ துண்டுகள், தம்மைச் சுற்றியுள்ள என்பி புரதத்தின் முகவரிச் சீட்டைக் காட்டி, இம்போர்ட்டின் ஆல்ஃபா, இம்போர்ட்டின் பீட்டா ஆகிய சுமைதூக்கிகளின் தோளில் ஏறி உட்கருவுக்குள் போகின்றன. அங்கேதான் படத்தின் மிகச் செழிப்பான பகுதி தொடங்குகிறது. வைரஸின் பாலிமரேஸுக்கு, எம்ஆர்என்ஏவின் முனையிலுள்ள 'கேப்' என்னும் தலைப்பாகையைத் தானே செய்யத் தெரியாது. ஆகவே அது செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-இன் வாலைப் பிடித்துக்கொண்டு, அங்கே அப்போதுதான் வெளிவரும் செல்லின் எம்ஆர்என்ஏவின் தலைப்பாகையைத் தன் பிபி2 என்னும் உறுப்பால் பற்றி, பிஏ என்னும் உறுப்பால் 10 முதல் 13 எழுத்துகளோடு நறுக்கி, அதைத் தன் எம்ஆர்என்ஏவின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. 2018-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற பலோக்ஸவிர் மருந்து தடுப்பது இந்த நறுக்கலைத்தான். அடுத்து, புது மரபணு நகல்களை எடுக்கும் வேலைக்கு ஏஎன்பி32ஏ, ஏஎன்பி32பி என்னும் இரு புரதங்கள் வேண்டும். நகலெடுக்கும் பாலிமரேஸையும், வெளிவரும் நகலைப் பொதியத் தொடங்கும் இன்னொரு பாலிமரேஸையும் இவை பாலம்போல இணைத்துப் பிடிக்கின்றன. ஏழாம், எட்டாம் துண்டுகளின் எம்ஆர்என்ஏவைச் செல்லின் வெட்டி ஒட்டும் இயந்திரம்தான் பதப்படுத்துகிறது; என்எக்ஸ்எஃப்1 அவற்றை வெளியே அனுப்புகிறது. சிவப்பில் இங்கே எம்எக்ஸ் குடும்பத்தை எழுதுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெளியேறும் பாதையைச் சுருக்கமாக முடிக்கலாம். சிஆர்எம்1 புதுத் துண்டுகளை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. ராப்11ஏ பூசிய சிறு பைகள் அவற்றைச் சுவருக்குச் சுமக்கின்றன. எச்ஐவி ஆய்வுக்கூடத்திலிருந்து இந்தப் பக்கம் வருபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: சுவரில் புடைக்கும் புது வைரஸின் மொட்டு அறுந்து பிரிய, சவ்வை அறுக்கும் செல்லின் இஎஸ்சிஆர்டி புரதங்கள் வேண்டுமென்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். எச்ஐவிக்கு அது உண்மை. இன்ஃப்ளுயன்சா தன் எம்2 புரதத்தைக் கொண்டே அந்த அறுப்பைச் செய்துகொள்கிறது.

இப்போது பட்டியலைத் திறக்கலாம். மூன்றாவது படி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் படத்தின் எந்த நிறுத்தத்தில் வைப்பது என்று கேட்பது. 2009, 2010 ஆண்டுகளில் மனிதச் செல்களில் மரபணுக்களை ஒடுக்கிப் பார்த்த பல பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பெயர்களைத் தந்தது, ஆனால் ஒரு பட்டியலிலுள்ள பெயர்களில் மிகச் சிலவே அடுத்த பட்டியலிலும் இருந்தன. இதைப் பார்த்துப் புதியவர்கள் மனம் தளர்கிறார்கள். தளர வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவும் வேறு செல்லை, வேறு வைரஸ் வகையை, வேறு நேரத்தை, வேறு அளவுகோலைப் பயன்படுத்தியது. தொற்றிய சில மணி நேரத்தில் அளந்தவருக்கு வெளியேறும் கட்டத்தின் புரதங்கள் தெரிய வாய்ப்பே இல்லை. பெயர்களை விட்டுவிட்டு வழித்தடங்களைப் பார்த்தால் ஒற்றுமை நன்றாகத் தெரியும்: வி-ஏடிபியேஸ் பம்பின் உறுப்புகள், சிஓபி1 என்னும் பை கட்டும் புரதங்கள், உட்கருப் போக்குவரத்து ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. ஒரு புரதம் பட்டியலில் இருக்கிறது என்பது விசாரிக்க ஒரு காரணம். அதற்குமேல் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

நான்காவது படி செல்லையும் வைரஸ் வகையையும் தேர்வது. எம்டிசிகே என்னும் நாய்ச் சிறுநீரகச் செல் வைரஸை எண்ணுவதற்கு ஏற்றது; மனிதப் புரதத்தைப் பற்றிய முடிவை அதிலிருந்து எடுக்காதீர்கள். ஏ549 மனித நுரையீரல் புற்றிலிருந்து வந்தது, மரபணு வேலைக்கு எளிது, ஆனால் ஹீமக்ளூட்டினினை வெட்டும் புரோட்டியேஸ் அதில் போதாது. கேலு-3 என்னும் மனித நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டு. வீரோ என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்லால், வைரஸ் வந்ததை மற்றச் செல்களுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்க முடியாது என்பதால், செல்லின் தற்காப்புப் புரதங்களை அதில் ஆராய்வது பயன் தராது. வைரஸ் பக்கத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு: ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருக்கும் டபிள்யுஎஸ்என் என்னும் 1933-ஆம் ஆண்டு வகை, தன் மேற்பரப்பிலுள்ள நியூராமினிடேஸ் நொதியால் சீரத்திலுள்ள பிளாஸ்மினோஜென் என்னும் புரதத்தைப் பிடித்து, அதன்வழி ஹீமக்ளூட்டினினை வெட்டிக்கொள்ளும். அதை வைத்து டிஎம்பிஆர்எஸ்எஸ்2 தேவையில்லை என்று முடிவெழுதினால் முடிவு பிழையாகும். பருவகால வகைகளையும் இத்தகைய ஆய்வுக்கூட வகைகளையும் இரண்டாம் நிலைப் பாதுகாப்புக் கூடத்தில் கையாளலாம். எச்5 போன்ற கொடிய பறவை வகைகளுக்கு மூன்றாம் நிலையும் முறையான அனுமதியும் வேண்டும், புதியவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஐந்தாவது படி, வைரஸைச் சரியாக எண்ணக் கற்றுக்கொள்வது. இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட வலியுறுத்துவேன், ஏனெனில் எண்ணத் தெரியாதவரின் எந்த முடிவையும் நம்ப முடியாது. எம்டிசிகே செல்கள் தட்டின் அடியில் இடைவெளியின்றிப் படர்ந்ததும், வைரஸைப் பத்து பத்து மடங்காக நீர்த்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, ஹீமக்ளூட்டினினை வெட்டும் டிரிப்சின் நொதி கலந்த அகரோஸ் கூழை மேலே பரப்பி, இரண்டு மூன்று நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றினால், வைரஸ் அழித்த இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும்.

என் முதலாண்டில் ஒரு வாரம் முழுக்க இந்தப் பொட்டு ஒன்றுகூட வரவில்லை. ஆறு குழிகளும் ஒரே கருநீலமாக, கழுவி வைத்த தட்டில் மை ஊற்றியதுபோல இருந்தன. வைரஸ் செத்துவிட்டதென்று நினைத்து இன்னொரு குப்பியை உருக்கினேன், மறுபடியும் கருநீலம். பக்கத்து மேசையில் வேலை செய்த ஒரு மூத்த உதவியாளர், நான் ஊடகத்தை உறிஞ்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழியைச் சாய்த்து விளிம்பில் தேங்கியிருந்த இளஞ்சிவப்புத் துளியைக் காட்டினார். வளர்ப்பு ஊடகத்தின் சீரம் அது. சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதங்கள் இருக்கின்றன; டிரிப்சின் முடங்கினால் ஹீமக்ளூட்டினின் வெட்டுப்படாது, வெட்டுப்படாத வைரஸ் முதல் செல்லோடு நின்றுவிடும். உப்புக் கரைசலால் இருமுறை கழுவினேன், மூன்றாம் நாள் பொட்டுகள் வந்தன. விருந்தோம்பியின், அதாவது வைரஸ் தொற்றும் உயிரின், புரதம் வைரஸின் பெருக்கத்தை எப்படி நிறுத்தும் என்பதை எந்த ஆய்வுக்கட்டுரையையும்விட அந்த ஒரு துளி எனக்கு நன்றாகக் காட்டியது. ஆகவே கழுவுங்கள், டிரிப்சின் டிபிசிகே என்னும் வேதிப்பொருளால் பதப்படுத்தியதாக இருக்கட்டும், மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் தொடங்கி, உங்கள் செல் தாங்குமா என்று வைரஸ் இல்லாத குழியில் பாருங்கள்.

எண்ணத் தெரிந்தபின், ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற விகிதத்தை உணர்ந்து பயன்படுத்த வேண்டும். செல்லுக்கு ஒன்று என்று ஊற்றினால் எல்லாச் செல்லும் தொற்றுப்பெறும் என்று நினைக்கிறோம். உண்மையில் 63 விழுக்காடுதான் பெறும், செல்லுக்கு மூன்று என்றால் 95 விழுக்காடு. ஒரு சுற்று ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே சுற்றில் நடப்பதை அறிய அதிக விகிதமும் குறுகிய நேரமும், பல சுற்றுகளில் சேர்ந்து தெரியும் சிறு விளைவை அறிய நூற்றுக்கு ஒன்று போன்ற குறைந்த விகிதமும் இரண்டு மூன்று நாளும் பொருந்தும்.

ஆறாவது படியில்தான் புரதத்தின்மேல் கை வைக்கிறோம். எஸ்ஐஆர்என்ஏவால் அதன் அளவைக் குறைக்கலாம், கிரிஸ்பரால் மரபணுவையே நீக்கலாம். எதைச் செய்தாலும், புரதம் உண்மையிலேயே குறைந்ததா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்த பிறகே வைரஸை ஊற்றுங்கள். செல் நலிந்திருந்தால் வைரஸும் குறையும். அதனால் செல்லின் உயிர்ப்பை அளந்த எண் அதே நாளில், அதே தட்டிலிருந்து வேண்டும். ஓர் எஸ்ஐஆர்என்ஏ தற்செயலாக வேறு மரபணுக்களையும் தொடும் என்பதால், வெவ்வேறு வரிசை கொண்ட இரண்டாவது ஒன்று அதே விளைவைத் தர வேண்டும். கடைசியாக, நீக்கிய புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் வைரஸும் திரும்ப வர வேண்டும். நான்கில் இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் நேரமில்லையென்று விடுகிறார்கள், எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது.

விளைவு எதுவும் தெரியாவிட்டாலும் அவசரப்பட்டு அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். மனிதச் செல்லில் ஏஎன்பி32ஏவை மட்டும் நீக்கினால் வைரஸ் ஏறத்தாழ வழக்கம்போலவே பெருகும், ஏஎன்பி32பியை மட்டும் நீக்கினாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்து நீக்கினால் பாலிமரேஸ் நின்றுவிடுகிறது. ஒன்றின் வேலையை மற்றது பார்த்துக்கொண்டதால், ஒவ்வொரு மரபணுவாக ஒடுக்கிய பெரிய சோதனைகளின் கண்ணுக்கு இவை எளிதில் தப்பின.

விளைவு தெரிந்தால், எந்த நிறுத்தத்தில் என்று பிரித்தறிவது ஏழாவது படி. பனிக்கட்டியின்மேல் வைத்தால் வைரஸ் ஒட்டும், உள்ளே போகாது. அங்கே வேறுபாடு இருந்தால் சிக்கல் ஒட்டுவதில். தொற்றிய பிறகு சில நேரங்களில் செல்லை நிலைப்படுத்தி, என்பி புரதத்துக்கு ஒளிரும் எதிர்ப்பொருள் இட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். பாஃபிலோமைசின் கொடுத்த செல்லில் பம்பு நின்றதால் என்பி எண்டோசோமிலேயே சிக்கி, உட்கரு இருண்டிருக்கும். லெப்டோமைசின் பி கொடுத்த செல்லில் சிஆர்எம்1 முடங்கியதால், பல மணி நேரம் கழித்தும் உட்கரு மட்டும் நிலவுபோல ஒளிரும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் செல் எதைப்போல இருக்கிறது என்று ஒப்பிடலாம். நுழைவையே தவிர்த்துவிட்டுப் பாலிமரேஸை மட்டும் சோதிக்க, வைரஸின் மூன்று பாலிமரேஸ் புரதங்களையும் என்பியையும், ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவை ஏந்திய போலித் துண்டையும் எச்இகே293டி என்னும் மனிதச் செல்லுக்குள் செலுத்தும் முறை இருக்கிறது. முழு வைரஸ் தேவைப்படாததால் புதியவருக்கு இது பாதுகாப்பானதும்கூட.

எட்டாவது படி, எந்த விலங்கின் புரதம் என்று கேட்பது. இன்டர்ஃபெரானைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ழான் லிண்டன்மன், 1960-களின் தொடக்கத்தில் ஏ2ஜி என்னும் எலி வகை இன்ஃப்ளுயன்சாவுக்கு அசையாமல் நிற்பதைக் கவனித்தார். அந்த எலியிடம் செயல்படும் எம்எக்ஸ்1 இருந்தது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் பெரும்பாலான எலி வகைகளில் அந்த மரபணு பழுதுபட்டது. நாம் இன்றும் அந்தப் பழுதுபட்ட எலிகளில்தான் பெரும்பாலும் சோதிக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எலி முடிவுகளைப் படிக்க வேண்டும். மனிதரின் எம்எக்ஸ்ஏ, எலியின் எம்எக்ஸ்1 போல உட்கருவில் இல்லாமல், சைட்டோபிளாசத்தில் நின்று காவல் செய்கிறது.

இந்த நாட்டில் இருப்பவர்கள் அறியவேண்டிய எடுத்துக்காட்டு நெருப்புக்கோழி. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, பறவைகளின் ஏஎன்பி32ஏவில் மனிதருடையதில் இல்லாத 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதாகவும், பறவை வைரஸின் பாலிமரேஸ் அந்தக் கூடுதல் பகுதியை நம்பியிருப்பதால் மனிதச் செல்லில் தடுமாறுவதாகவும் காட்டியது. பிபி2-இன் 627-ஆம் இடத்தில் பாலூட்டிகளுக்கேற்ற மாற்றம் ஏன் தோன்றுகிறது என்ற பழைய கேள்விக்கு அதில் விடை கிடைத்தது. நெருப்புக்கோழி பறவைதான், ஆனால் அதன் ஏஎன்பி32ஏவில் அந்த 33 இல்லை. ஆகவே பாலூட்டி உடலில் தோன்றும் அதே மாற்றம் நெருப்புக்கோழிக்குள்ளும் தோன்ற இடமிருக்கிறது. மேற்கு கேப் மாகாணத்து ஔட்ஸ்ஹூர்ன் ஊரின் சுற்றுவட்டாரத்தில் நெருப்புக்கோழிப் பண்ணைகள் எத்தனை என்பதையும், 2004-லும் 2011-லும் தென்னாப்பிரிக்க நெருப்புக்கோழிகளில் எச்5என்2 பரவியதையும் சேர்த்து எண்ணினால், இது நூலகத்தோடு நிற்கும் செய்தியன்று. 2023-இல் எச்5என்1, எச்7என்6 வகைகள் கோழிப் பண்ணைகளைத் தாக்கி, கடைகளில் முட்டை கிடைக்காமல் போன வாரங்களை இங்குள்ள எல்லாரும் அறிவோம்.

இத்தனையும் கையில் வந்ததும், ஒரு கட்டுரையை எடுத்து இந்தப் படிகளின் வழியே நடந்து பாருங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுப்பது பிடிஎன்3ஏ3 என்னும் மனிதப் புரதத்தைப் பற்றி 2023-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. அந்தப் புரதம் நம் சுவாசப்பாதையில் இருந்துகொண்டு பறவை வைரஸ்களைத் தடுக்கிறது, மனிதரிடம் பரவும் பருவகால வைரஸ்களைத் தடுப்பதில்லை. என்பி-யின் 313-ஆம் இடம்தான் முக்கியமான வேறுபாடு. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அந்தப் புரதத்தைப் பச்சையில் எழுதுவதா சிவப்பிலா, எந்த நிறுத்தத்தில், எந்தச் செல்லில் காட்டினார்கள், நீக்கியபோது என்ன ஆயிற்று, திருப்பிக் கொடுத்தபோது என்ன ஆயிற்று, வேறு விலங்கின் அதே புரதம் என்ன செய்தது என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மதுரை மாணவர் அந்தப் பக்கத்தை முடிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நான்காவது சனிக்கிழமை, தம் முந்நூறு பெயரில் இரண்டை மட்டும் வட்டமிட்டு, இரண்டுக்கும் எதிரே நிறுத்தத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.